நாலு இலக்கம் வந்த கதை

ஏடிஎம் ரகசிய எண் ஏன் பெரும்பாலும் நாலே இலக்கம்? வங்கிக்காரனான எனக்கு மிகவும் பிடித்த வரலாறு இது.

1967 ஜூன் 27. வட லண்டன் என்ஃபீல்டில் பார்க்லேஸ் வங்கி பணம் தரும் இயந்திரத்தைத் திறந்தது. அதை உருவாக்கிய ஜான் ஷெப்பர்டு-பேரன் நம்ம ஷில்லாங்கில் பிறந்தவர்! தன் ராணுவ எண்ணைப் போல ஆறு இலக்கம் வைக்க நினைத்தாராம். சமையலறை மேஜையில் மனைவி கரோலினைக் கேட்டார். நாலுக்கு மேல் ஞாபகம் நிற்காது என்றார் அந்த அம்மா. நாலானது. அவரே 2007-ல் பிபிசியிடம் சொன்னது இது.

இன்று வெப்சைட், ஆப் செய்பவர்களின் 'யூசபிலிட்டி டெஸ்டிங்' ஒரு படி மேல். கேட்பதோடு நிற்காமல், கையில் கொடுத்துவிட்டு எங்கே தடுமாறுகிறார் என்று பேசாமல் பார்ப்பார்கள். ஐந்து பேர் போதும் என்று 2000-ல் எழுதினார் ஜேக்கப் நீல்சன்.

ஊரில் தனியே இருக்கும் நம் பெற்றோர், திரை புரியாமல் ரகசிய எண்ணை யாரிடமோ சொல்லிவிடுகிறார்கள். பணம் போகிறது. அந்த ஐவரில் ஒருவராவது எழுபது வயதுக்காரராக இருக்க வேண்டாமா, சொல்லுங்கள்?