பாஸ்டன் துறைமுகத்தில் பத்து வாரங்கள்



ஆண்டுதோறும் ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் நம் சபைகளிலிருந்து பிள்ளைகள் மேற்படிப்புக்காக அயல்நாடு புறப்படுகிறார்கள். ஆராதனையின் முடிவில் அவர்களை முன்னே அழைத்து ஜெபித்து அனுப்புகிறோம். ஆனால் போய்ச் சேர்ந்த முதல் சில வாரங்களில் அவர்கள் படும் பாடு பெரும்பாலும் நம் செவிக்கு எட்டுவதில்லை. "நலமாயிருக்கிறேன்" என்ற சொல்லுக்குப் பின்னால் எத்தனையோ இரவுகள் மறைந்திருக்கின்றன. அத்தகைய முதல் வாரங்களைக் கடந்து வந்த ஒரு மாணவரின் வரலாற்றை இந்த வாரம் உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன். அவர் பெயர் நீஜிமா ஜோ. ஜப்பானின் கியோட்டோ நகரிலுள்ள தோஷிஷா பல்கலைக்கழகத்தின் நிறுவனராக இன்று அறியப்படுபவர்.

அவர் 1843ஆம் ஆண்டு, இன்று டோக்கியோ என வழங்கும் எடோ நகரில் ஒரு சாமுராய்க் குடும்பத்தில் பிறந்தார். அக்கால ஜப்பானில் கிறிஸ்தவ மார்க்கம் தடைசெய்யப்பட்டிருந்தது. அனுமதியின்றி நாட்டைவிட்டு வெளியேறுவது மரண தண்டனைக்குரிய குற்றம். இளைஞரான நீஜிமா டச்சு மொழியும் கணிதமும் பயின்றுகொண்டிருந்தபோது, வேதாகம வரலாற்றைச் சுருக்கிச் சொல்லும் சீன மொழி நூல் ஒன்று அவர் கைக்கு வந்தது. தேவனே உலகத்தைப் படைத்தார் என்ற செய்தியை அதில் வாசித்தார். என்னைப் படைத்தவர் யார் என்ற கேள்வி அவருக்குள் எழுந்தது. பெற்றோரிலும் மேலான ஒரு தகப்பன் எனக்கு உண்டு என்ற எண்ணம் அவரை விடவில்லை.

1864ஆம் ஆண்டின் கோடையில், வடக்கே ஹகோடாட்டே துறைமுகத்திலிருந்து ஓர் இரவு சிறு படகில் சென்று, 'பெர்லின்' என்ற அமெரிக்கக் கப்பலில் மறைந்து புறப்பட்டார். அந்தக் கப்பலில் ஒருவர் தாம் சொன்னது இவருக்கு விளங்கவில்லை என்பதற்காக இவரை அடித்தார். சாமுராயின் மகன் அதைப் பொறுப்பாரா? வாளை எடுக்க ஓடினார். ஆனால் வாளைத் தொடுமுன் சிந்தித்தார். இந்தச் சிறு துன்பத்தையே தாங்க முடியாவிட்டால், இனி வரப்போகும் பெரிய துன்பங்களை எப்படித் தாங்குவேன் என்று தம்மைத் தாமே கேட்டுக்கொண்டு திரும்பிவிட்டார்.

ஷாங்காயில் அவர் 'வைல்ட் ரோவர்' என்ற கப்பலுக்கு மாறினார். அதன் தலைவர் ஹொரேஸ் டெய்லர். தம்மை ஏற்றுக்கொண்ட அவருக்குத் தம் நீண்ட வாளையே காணிக்கையாகக் கொடுத்தார் நீஜிமா. ஹாங்காங்கில் சீன மொழிப் புதிய ஏற்பாடு ஒன்றைக் கண்டபோது கையில் பணமில்லை. எனவே தம் குறுவாளையும் எட்டு டாலருக்கு அவரிடமே விற்று, அதை வாங்கினார். ஒரு சாமுராய்க்கு வாள் என்பது வெறும் ஆயுதமன்று. அது அவன் குலம், அவன் மானம். அதைக் கொடுத்துத்தான் அவர் திருமறையைப் பெற்றார்.

1865ஆம் ஆண்டு ஜூலை மாதம் கப்பல் பாஸ்டனை அடைந்தது. ஓராண்டுப் பயணம் முடிந்தது, இனிக் கல்விதான் என்று நாம் நினைப்போம். அவரும் அப்படித்தான் நினைத்திருப்பார். ஆனால் கப்பல் தலைவர் தம் ஊருக்குச் சென்றுவிட்டார். நீஜிமா கப்பலிலேயே காவலாளியாகத் தங்க நேர்ந்தது. ஏறத்தாழ பத்து வாரங்கள், முரட்டு மனிதர்களின் நடுவே கடினமான உடலுழைப்பு. உள்நாட்டுப் போர் முடிந்து சில மாதங்களே ஆகியிருந்தன. ஆபிரகாம் லிங்கன் கொல்லப்பட்டது அதே ஆண்டு ஏப்ரலில்தான். போருக்குப் பின் விலைவாசி ஏறிவிட்டது, கரையில் உன்னை ஆதரிப்பார் ஒருவருமில்லை, மீண்டும் கடலுக்கே போ என்று உடனிருந்தவர்கள் அவரிடம் சொன்னார்கள்.

அன்பானவர்களே, இந்த நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். நாடு திரும்பினால் தண்டனை. தங்கினால் தங்க இடமில்லை. கற்க வந்த நகரம் கண்ணுக்கு எதிரே இருக்கிறது, ஆனால் அதற்குள் நுழைய வழியில்லை. அந்நாட்களில் அவர் பாஸ்டனில் 'ராபின்சன் குரூசோ' கதைநூலின் பிரதி ஒன்றை வாங்கினார். ஜப்பானில் இருந்தபோதே அதை மொழிபெயர்ப்பில் வாசித்தவர் அவர். தனித்தீவில் கைவிடப்பட்ட மனிதன் தேவனை நோக்கிக் கூப்பிடுவதைக் கண்டு, தாமும் ஜெபிக்கக் கற்றார். அவருக்கு அப்போது போதகர் இல்லை, சபை இல்லை, ஞானஸ்நானமும் இல்லை. தாம் எந்த நோக்கத்தோடு புறப்பட்டாரோ அதை அடையச் செய்யும்படி இரவுதோறும் தேவனிடம் மன்றாடினார்.

பத்து வாரங்களுக்குப் பின் டெய்லர் திரும்பி வந்தார். கப்பலின் உரிமையாளரான ஆல்ஃபியஸ் ஹார்டி என்ற வணிகரிடம் நீஜிமாவை அழைத்துச் சென்றார். ஹார்டி இளமையில் ஊழியராக விரும்பியவர். உடல்நலக் குறைவால் படிப்பைக் கைவிட்டு, வணிகத்தையே கர்த்தருக்கான தொண்டாக ஏற்றவர். ஆனால் அந்த முதற் சந்திப்பு வெற்றிபெறவில்லை. நீஜிமாவின் ஆங்கிலம் ஹார்டிக்கு விளங்கவில்லை.

இந்த இடத்தில் நின்று நாம் சிந்திக்க வேண்டும். ஒருவர் பேசுவது விளங்காதபோது நாம் வழக்கமாக என்ன செய்கிறோம்? புன்னகைத்து, கைகுலுக்கி, விடைகொடுத்து அனுப்பிவிடுகிறோம். ஹார்டி அப்படிச் செய்யவில்லை. மாலுமிகள் தங்கும் இல்லத்தில் நீஜிமாவைத் தங்கவைத்து, நாட்டைவிட்டு வந்த காரணத்தை எழுத்தில் தரும்படி கேட்டுக்கொண்டார். பேச்சு உதவாத இடத்தில் வேறொரு வழியையும், அதற்கான அவகாசத்தையும் கொடுத்தார். நீஜிமா எழுதினார். இலக்கணம் பிழைத்த, சொற்கள் தடுமாறிய ஆங்கிலம். ஆயினும் அதை ஹார்டி தம்பதியர் பொறுமையோடு வாசித்தார்கள். பிழைகளுக்கு அப்பால் ஒரு மனிதனைக் கண்டார்கள். தங்கள் குடும்பத்தில் ஒருவராகவே அவரை ஏற்றுக்கொண்டார்கள். கப்பலில் 'ஜோ' என அழைக்கப்பட்டவர் அவ்வீட்டில் 'ஜோசப்' ஆனார்.

அக்டோபர் இறுதியில் அவர் ஆண்டோவர் நகரிலுள்ள பிலிப்ஸ் கல்விக்கூடத்திற்கு அனுப்பப்பட்டார். அங்கு ஹிட்டன் என்ற குடும்பத்தார் அவருக்குத் தங்க இடம் கொடுக்க முதலில் தயங்கினார்கள். அவர் எழுதிய அந்தக் கடிதத்தை வாசித்த பின்னரே கதவைத் திறந்தார்கள். அதே வீட்டில் குடியிருந்த ஃபிளின்ட் என்ற இறையியல் மாணவர் அவருக்குப் பாடங்களில் உதவினார். ஃபிளின்ட்டின் மனைவி அவரோடு அமர்ந்து வேதாகமம் வாசித்தார். மறு ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் நீஜிமா ஞானஸ்நானம் பெற்றார். 1870இல் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியில் பட்டம் பெற்றபோது, மேல்நாட்டுக் கல்லூரியொன்றில் பட்டம் பெற்ற முதல் ஜப்பானியர் ஆனார்.

1874இல், தாய்நாடு திரும்புமுன், வெர்மாண்ட் மாநிலத்தின் ரட்லண்ட் நகரில் நடந்த மிஷனெரி சங்கக் கூட்டத்தில், ஜப்பானில் ஒரு கிறிஸ்தவக் கல்லூரி வேண்டுமென்று கண்ணீரோடு பேசினார். ஏறத்தாழ 5,000 டாலர் வாக்களிக்கப்பட்டது. கூட்டம் முடிந்தபின் ஏழை விவசாயி ஒருவர் அவரிடம் இரண்டு டாலர் கொடுத்தார். அது அவர் வீடு திரும்ப வைத்திருந்த இரயில் கட்டணம். நான் நடந்தே போய்க்கொள்கிறேன் என்றாராம். அடுத்த ஆண்டு நவம்பரில், எட்டு மாணவர்களோடு கியோட்டோவில் அந்தக் கல்விக்கூடம் தொடங்கிற்று.

இந்த வரலாற்றைக் காத்திருப்பின் மேன்மையைப் பேசும் கதையாக மட்டும் வாசிக்க எனக்கு மனமில்லை. காத்திருக்கும் ஒருவனிடம், காத்திரு, எல்லாம் நன்மைக்கே என்று சொல்வது எளிது. அவனுக்காக நம் வீட்டில் ஓர் அறையை ஒதுக்குவது அரிது. நீஜிமாவின் ஜெபத்தைத் தேவன் கேட்டார் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆனால் அந்த ஜெபத்தின் பதில் வானத்திலிருந்து நேரே இறங்கவில்லை. பிழைமலிந்த தாளை முழுவதும் வாசித்த ஒரு வணிகரின் வழியாய் வந்தது. தயக்கத்தை விட்டுக் கதவைத் திறந்த ஒரு குடும்பத்தின் வழியாயும், மாலைவேளையில் வேதாகமத்தோடு அருகில் அமர்ந்த ஒரு பெண்ணின் வழியாயும் வந்தது. அந்நியனை ஏற்றுக்கொள்வது தம்மையே ஏற்றுக்கொள்வதாகும் என்று ஆண்டவர் மத்தேயு 25ஆம் அதிகாரத்தில் போதித்ததை, இவர்கள் ஓர் எளிய இல்லத்தில் நிறைவேற்றினார்கள்.

ஆகையால், பிள்ளையை அயல்நாட்டுக்கு அனுப்பியிருக்கும் பெற்றோரே, இந்த முதல் வாரங்களில் மதிப்பெண்ணைப் பற்றி முதலில் கேளாதிருங்கள். "உன்னோடு அமர்ந்து உணவு உண்பவர் யார்?" என்று கேளுங்கள். தொலைவில் தனித்திருக்கும் மாணவனே, மாணவியே, உன் தடுமாறும் மொழியிலேயே ஜெபம் செய். அந்த மொழி அவருக்கு விளங்கும். சபையாரே, உங்கள் ஊர்க் கல்லூரிக்கும் வேறு மாநிலத்திலிருந்து, வேறு நாட்டிலிருந்து யாரோ ஒருவர் வந்திருக்கக்கூடும். ஞாயிற்றுக்கிழமை கடைசி வரிசையில் அமர்ந்து, பாட்டு விளங்காமல், ஆசீர்வாதம் கூறி முடிந்ததும் ஒருவரோடும் பேசாமல் வெளியேறுகிறவர் அவராக இருக்கலாம். அடுத்த வாரம் அவர் வாசலைக் கடக்குமுன் அவரருகே செல்லுங்கள். அவர் பேசுவது விளங்காவிட்டால், இன்னும் சற்று நேரம் நில்லுங்கள்.

கர்த்தர் உங்களையும் உங்கள் வீட்டாரையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.