நட்பு நாட்டு உளவாளிக்கு மன்னிப்பு கொடுக்கலாமா?

கொஞ்சம் நீளமான பதிவு. டீ குடிச்சுக்கிட்டே படிங்க.

போன வாரம் வார்டில் ஒருத்தர் வந்தார்.

"சார், அந்தப் பொண்ணு என் தங்கச்சி மக. பிளட் டெஸ்ட்ல என்ன வந்திருக்குன்னு சொல்லுங்க. நான் என்ன வெளி ஆளா?"

வெளி ஆள் இல்லைதான். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வந்ததே அவர்தான். ஆனாலும் நான் சொல்லலை. பொண்ணுக்கு 24 வயசு. யார்கிட்ட சொல்லணும்னு முடிவு பண்ண வேண்டியது அவ. மாமா கோபிச்சுக்கிட்டுப் போயிட்டார்.

டூட்டி முடிஞ்சு குடிகாட்டுக்கு பஸ்ஸில் வரும்போது எனக்கு 1985-இல் டெல்லியில் நடந்த ஒரு வழக்கு நினைவுக்கு வந்தது.

ராஜீவ் காந்தி தேர்தலில் ஜெயித்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. ஜனவரியில் கூமர் நாராயண் என்பவர் கைதானார். தனியார் கம்பெனி ஒன்றின் டெல்லி பிரதிநிதி. முன்பு மத்திய அரசில் ஸ்டெனோவாக இருந்தவர். எந்த ஃபைல் யார் மேஜையில் இருக்கும் என்பது அவருக்கு அத்துப்படி. பிரதமர் அலுவலகம் வரைக்கும் பி.ஏ.க்களும் கிளார்க்குகளும் ரகசிய ஃபைல்களை வெளியே எடுத்து வருவார்கள். ஜெராக்ஸ் எடுத்ததும் ஃபைல் பழைய இடத்துக்கே போய்விடும். கூலி பணமும் பாட்டிலும்.

வாங்கியது யார்? பாகிஸ்தானோ சீனாவோ இல்லை.

பிரான்ஸ். போலந்து. கிழக்கு ஜெர்மனி.

பிரான்சிடம் 1982-இல் மிராஜ் 2000 போர் விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்திருந்தோம். அவை இங்கே வரத் தொடங்கியதே இந்த 1985-இல்தான். மற்ற இரண்டும் சோவியத் அணி நாடுகள். சோவியத்தோடு நமக்கு 1971-லேயே நட்பு ஒப்பந்தம். எல்லாரும் "நம்ம ஆளுங்க"தான்!

ஆனால் ஆயுதம் விற்கிற நண்பனுக்கு நம்மிடம் தெரிஞ்சுக்க நிறைய இருக்கு. நாம் வேறு யாரிடம் பேரம் பேசுகிறோம், எவ்வளவு வரை இறங்குவோம்... எதிரிக்குக்கூட இது இவ்வளவு உபயோகப்படாது.

பிறகு என்ன ஆச்சு?

பிரதமரின் முதன்மைச் செயலர் பி.சி. அலெக்சாண்டர், தன் அலுவலக ஊழியர்கள் சிக்கியதால் ராஜினாமா செய்தார். (பின்னாளில் நம்ம தமிழ்நாட்டுக்கே ஆளுநராக வந்தாரே, அவர்தான்.) பிரான்ஸ் தன் தூதரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. தூதரக அதிகாரிகள் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தார்கள். தூதரகப் பாதுகாப்பு இருக்கிறதால் அவர்களைக் கைது செய்ய முடியாது.

மாட்டினது நம்ம கிளார்க்குகள். வழக்கு 17 வருஷம் நடந்தது. 2002-இல்தான் 13 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. கூமர் நாராயண் அதற்கு முன்பே, 2000-இல் இறந்துவிட்டார்.

இப்போ அதே 1985 நவம்பருக்கு வாங்க. இடம் வாஷிங்டன். அமெரிக்கக் கடற்படையின் உளவுத்துறை ஆய்வாளர் ஜோனதன் பொல்லார்ட். பணம் வாங்கிக்கொண்டு இஸ்ரேலுக்கு ரகசியங்களைக் கொடுத்தவர். மாட்டப்போகிறோம் என்று தெரிந்ததும் இஸ்ரேல் தூதரகத்துக்குள் காரை ஓட்டிக்கொண்டு போனார். வெளியே போகச் சொல்லிவிட்டார்கள். வாசலிலேயே கைது. 1987-இல் ஆயுள் தண்டனை.

அன்றைக்குக் கைகழுவிய இஸ்ரேல், 1995-இல் அவருக்குக் குடியுரிமை கொடுத்தது. 1998-இல் ஆமாம், எங்க ஆள்தான் என்று ஒப்புக்கொண்டது. அதே வருஷம் பாலஸ்தீனத்தோடு நடந்த வை ரிவர் அமைதிப் பேச்சின்போது, இவரை விடுங்கள் என்று நெதன்யாகு கிளிண்டனிடம் கேட்டார். விட்டால் நான் ராஜினாமா என்றார் சிஐஏ தலைவர் ஜார்ஜ் டெனட். கிளிண்டன் விடவில்லை.

அவர் வெளியே வந்தது 2015-இல், 30 வருஷம் முடிந்து, பரோலில். எந்த அதிபரும் மன்னிக்கவில்லை.

நம்ம அரசியல் சாசனத்தில் பிரிவு 72 குடியரசுத் தலைவருக்குத் தண்டனையைக் குறைக்கும் அதிகாரம் தருகிறது. அதை நான் மதிக்கிறேன். கடலூர் மத்திய சிறையிலிருந்து போலீஸ் காவலோடு வரும் கைதிகளுக்கு வைத்தியம் பார்க்கிறவன் நான். டயாலிசிஸில் இருக்கிறவர், பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாகக் கிடக்கிறவர்... இவர்களை உள்ளே வைத்து என்ன ஆகப்போகிறது என்று பலமுறை தோன்றியிருக்கு. உளவாளியாக இருந்தாலும் அப்படித்தான். வயசு, நோய், அனுபவித்த காலம், மனம் மாறியது... இதைப் பார்த்து விடுங்கள். 17 வருஷம் தலைக்கு மேல் வழக்கு தொங்கியதையும் கணக்கில் எடுங்கள்.

ஆனா "நண்பனுக்குத்தானே கொடுத்தான்" என்று விடக் கூடாது. யாருக்குக் கொடுக்கலாம் என்று முடிவு பண்ணும் உரிமை ஃபைல் தூக்குகிற கிளார்க்குக்கு இல்லை. அமைதிப் பேச்சில் கொசுறு மாதிரி கொடுப்பதும் தப்பு. ஒருமுறை கொடுத்துவிட்டால், அடுத்த ஆளைப் பிடிக்கும்போதே "மாட்டினா நாங்க பேசி வெளியே எடுத்துடுவோம்" என்று அந்த நாடு தைரியம் சொல்லும்.

2020 டிசம்பரில் பொல்லார்ட் இஸ்ரேல் போய் இறங்கியபோது நெதன்யாகு விமான நிலையத்துக்கே வந்து வரவேற்றார். அந்த போட்டோவைப் பார்த்தபோது, தீர்ப்பு வரும் முன்பே செத்துப்போன கூமர் நாராயண்தான் எனக்கு ஞாபகம் வந்தார்.

சரி, அந்த மாமா விஷயம். மறுநாள் பொண்ணே அவரைக் கூட்டிக்கிட்டு வந்தா. "சார், இவர்கிட்ட சொல்லுங்க"ன்னா. சொன்னேன்.