டாக்டர் ஜான்ஸனின் ஞாயிற்றுக்கிழமை

1755-ஆம் வருஷம் ஜூலை மாதம் 13-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை. லண்டனில் காஃப் சதுக்கம் என்ற இடத்தில் குடியிருந்த ஒரு மனிதர், இனிமேல் ஞாயிற்றுக்கிழமைகளை எப்படிக் கழிக்க வேண்டும் என்று ஒரு திட்டம் எழுதினார். அவருக்கு வயது நாற்பத்தைந்து. பெயர் சாமுவேல் ஜான்ஸன். இன்று நாம் சொல்கிற ‘டாக்டர்’ பட்டம் அப்போது அவருக்கு வரவில்லை; அதற்கு இன்னும் பத்து வருஷம் இருந்தது.

ஏறக்குறைய மூன்று மாதத்துக்கு முன்னால், ஏப்ரல் 15-ந் தேதிதான், அவருடைய ஆங்கில அகராதி வெளியாகியிருந்தது. இரண்டு பெரிய புத்தகங்கள். நாற்பத்திரண்டாயிரத்துக்கு மேற்பட்ட சொற்கள். 1746-இல் புத்தக வியாபாரிகளுடன் 1,575 பவுனுக்கு ஒப்பந்தம் செய்துகொண்டு, மூன்றே வருஷத்தில் முடித்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். ஒன்பது வருஷம் ஆகிவிட்டது. நடுவில், 1752-இல், மனைவி இறந்துபோனாள். கல்யாணம் முடிந்து பந்தலும் பிரித்த பிறகு பெண்ணைப் பெற்றவன் திண்ணையில் வந்து உட்காருவானே, அப்படித்தான் இருந்திருக்கும் அந்த மனிதரின் நிலை. ஊர் முழுக்கப் புகழ்கிறது. உட்கார்ந்தவனுக்கு எழுந்திருக்க முடியவில்லை.

அந்தத் திட்டத்தில் எட்டு விதிகள். அதிகாலையில் எழுவது, அதற்காகச் சனிக்கிழமை இரவே சீக்கிரம் படுப்பது, காலையில் வழக்கத்தைவிட அதிகமான பிரார்த்தனை, விவிலியத்தை முறையாக வாசிப்பது, கோயிலுக்கு இரண்டு வேளை போவது, சமய நூல்களைப் படிப்பது, வீட்டிலுள்ளவர்களுக்குப் போதிப்பது, வாரம் முழுவதும் ஒட்டிக்கொண்ட உலக அழுக்கைத் தியானத்தால் கழுவுவது. ஏழுதான் ஆயிற்று. அவர் வரிசையில் மூன்றாவதாக இருந்ததை நான் கடைசிக்கு நிறுத்தி வைத்தேன். வாழ்க்கை போகிற போக்கை, முக்கியமாகக் கழிந்துபோன வாரத்தை, ஆராய்ந்து பார்ப்பது. முன்னேறியிருக்கிறோமா, பின்னால் சறுக்கியிருக்கிறோமா என்று குறித்து வைப்பது. வாரம் ஒரு முறை கணக்குப் பார்க்க வேண்டும் என்கிற அந்த ஒரு விதியைப் பற்றித்தான் இங்கே பேச்சு.

பகல் கொள்ளாத திட்டம் இது. உடம்பில் நல்ல தெம்பு உள்ளவனே நாலாவது விதியில் மூச்சு வாங்குவான். ஜான்ஸனோ குழந்தைப் பருவத்திலேயே கண்டமாலை வந்து, ஒரு கண்ணில் பார்வையும் ஒரு காதில் கேள்வியும் பெரும்பாலும் போனவர். இருபது வயதில் பிடித்த மனச்சோர்வு சாகும்வரை விட்டபாடில்லை. பைத்தியம் பிடித்துவிடுமோ என்ற பயம் அவருக்குச் சாவைப் பற்றிய பயத்துக்கு ஈடாக இருந்தது. பெரிய வேலை ஒன்று மேலே இருந்தால் அந்தச் சுமையே அவரை நிமிர்த்தி வைத்திருக்கும். சுமை இறங்கியதும் சாய்ந்துவிடுவார். அடுத்த வருஷம் மார்ச்சில் 5 பவுன் 18 ஷில்லிங் கடனுக்காக அவரைக் கைது செய்தார்கள். நாவலாசிரியர் ரிச்சர்ட்ஸன் பணம் அனுப்பி மீட்டார். அகராதி போட்டவரின் கதி அப்படி!

ஞாயிற்றுக்கிழமைத் திட்டம் என்ன ஆயிற்று என்று கேட்க வேண்டியதில்லை. ‘ஆரம்ப சூரத்தனம்’ என்று நம் வீட்டுப் பாட்டிமார்கள் ஒரே வார்த்தையில் சொல்லி முடித்துவிடுவார்கள். ஆனால் கதை அங்கே முடியவில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

1758 ஏப்ரலில் அவர் ஒரு பத்திரிகையில் வாரக் கட்டுரை எழுதத் தொடங்கினார். தலைப்பு, ‘சோம்பேறி’. தம்மைத் தாமே கேலி செய்துகொண்டு வைத்த பெயர். சனிக்கிழமை தோறும், இரண்டு வருஷம், மொத்தம் 104 கட்டுரைகள் வந்தன. ஒரு டஜன் மட்டும் நண்பர்கள் எழுதிக் கொடுத்தவை. மற்றவை எல்லாம் இவருடையவை. ஒரு முறை ஆக்ஸ்ஃபோர்டில் லாங்டன் என்ற நண்பரோடு இருந்தபோது, தபால் புறப்பட எவ்வளவு நேரம் இருக்கிறது என்று விசாரித்தார். அரை மணி என்றார்கள். அது போதும் என்று உட்கார்ந்து எழுதி முடித்தார். லாங்டன் படித்துப் பார்க்கக் கேட்டதற்கு, நானே திரும்பிப் படிக்கவில்லை, நீர் மட்டும் படிப்பானேன் என்கிற தோரணையில் மடித்து அனுப்பிவிட்டார்.

படுக்கையை விட்டு எழ முடியாதவர் என்று தம்மைப் பற்றி எழுதிக்கொண்டே இருந்த அதே மனிதர்தான் இவர். சனிக்கிழமை நடந்தது ஞாயிற்றுக்கிழமை ஏன் நடக்கவில்லை? தொடர்கதை எழுதுகிற எவனும் இதற்குப் பதில் சொல்லிவிடுவான். சனிக்கிழமைக்கு ஒரு தபால் வண்டி இருந்தது. அச்சாபீஸ் ஆள் இருந்தான். எழுதினால் காசு இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, வேலை ஒன்றுதான். அதற்கு ஒரு முடிவும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வாசலில் யாரும் காத்திருக்கவில்லை. உள்ளே மட்டும் ஒரு நீதிபதி உட்கார்ந்திருந்தார். களைத்துப்போனவன் எந்த வேலைக்கு வேண்டுமானாலும் எழுந்து போவான், நியாயஸ்தலத்துக்குப் போகமாட்டான்.

நம் ஊர் மளிகைக் கடைக் கணக்குப்பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். நாள்வழியில் அன்றாடம் எழுதுவது, பேரேட்டில் ஏற்றுவது, ஒரு நாள் ஐந்தொகை போடுவது. பற்று அதிகமாகி வரவு குறைந்திருந்தால் அதையும் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போவார்கள். தலையில் அடித்துக்கொண்டு கணக்கு எழுதுகிற கணக்குப்பிள்ளையை எந்த முதலாளியும் ஒரு வாரம் வைத்துக்கொள்ள மாட்டான்.

ஜான்ஸன் தலையில் அடித்துக்கொண்டே எழுதினார். 1760-இல் பிறந்த நாளன்று ஒரு ஜாபிதா: சீக்கிரம் எழுவது, குடியைக் குறைப்பது, நாட்குறிப்பு வைத்துக்கொள்வது, புத்தகங்களை ஒழுங்காக அடுக்குவது. மனைவியின் சவப்பெட்டியருகே செய்துகொண்ட தீர்மானங்களை எடுத்துப் பார்ப்பது என்றுகூட அதில் ஒன்று இருக்கிறது. எட்டு வருஷத்துக்கு முந்தைய ஸ்மசான வைராக்கியத்தை மறுபடி புதுப்பிக்கத் தீர்மானம்! படிக்கும்போது சிரிப்பு வருகிறது. அடுத்த நிமிஷம் சிரித்ததற்காக மனசு சங்கடப்படுகிறது.

1764 ஈஸ்டருக்கு முந்தின நாள் எழுதிய குறிப்பில் சிரிக்க ஒன்றுமில்லை. தம்மை ஒரு விசித்திரமான மறதி கவிந்துகொண்டதென்றும், போன வருஷம் எங்கே போயிற்று என்றே தமக்குத் தெரியவில்லை என்றும், நடந்தவை எல்லாம் சுவடில்லாமல் தம்மேல் கடந்து போகின்றன என்றும் எழுதுகிறார். அகராதியின் ஆயிரக்கணக்கான மேற்கோள்களைத் தேடிப் பிடித்தவர், வேண்டும்போதெல்லாம் நினைவிலிருந்து கவிதைகளை ஒப்பிக்கக்கூடியவர், சொந்த வாழ்க்கையில் முந்நூற்று அறுபத்தைந்து நாட்களைத் தொலைத்துவிட்டு நிற்கிறார். வாரக் கணக்கின் அவசியத்துக்கு இதைவிடப் பெரிய சாட்சியம் எனக்குக் கிடைக்கவில்லை. சோர்ந்து கிடக்கிற காலத்தில் நாட்கள் துக்கமாகக்கூட நிற்பதில்லை, காணாமலே போய்விடுகின்றன. அவற்றில் நாலைந்தையாவது கையில் பிடித்து வைத்துக்கொள்வதற்குத்தான் கணக்கு.

இந்த இடத்தில் பெஞ்சமின் ஃபிராங்க்ளினைக் கொஞ்சம் கூப்பிட வேண்டும். ஜான்ஸனைவிட மூன்று வயது மூத்தவர், உற்சாகமே உருவெடுத்தவர். பிலடெல்ஃபியாவில் இளம் அச்சுக்காரராக இருந்த நாளிலேயே பதின்மூன்று நற்குணங்களை எழுதி, வாரத்துக்கு ஒன்று என்று எடுத்துக்கொண்டார். பதின்மூன்று வாரத்தில் ஒரு சுற்று. வருஷத்துக்கு நாலு சுற்று. ஒரு சின்ன நோட்டில் கட்டம் போட்டு, தவறிய நாளில் கறுப்புப் புள்ளி வைத்தார். அழித்து அழித்துக் காகிதம் ஓட்டையாகவே, தந்த ஏடுகளில் சிவப்புக் கோடு போட்டு, பென்ஸிலால் புள்ளி வைத்து, ஈரப் பஞ்சினால் துடைத்தார். அவருக்கும் கடைசிவரை பிடிபடாதது, பொருள்களை ஒழுங்காக வைக்கிற ‘ஒழுங்கு’ என்ற குணம்தான். நாளடைவில் வருஷத்துக்கு ஒரு சுற்று, பிறகு பல வருஷத்துக்கு ஒரு சுற்று என்று தேய்ந்து, பிறகு நின்றே போயிற்று. நோட்டை மட்டும் எங்கே போனாலும் கூடவே எடுத்துப் போனாராம்.

இருவரில் ஃபிராங்க்ளினைத்தான் உலகம் முன்மாதிரியாகப் பேசுகிறது. ஆனால் உற்சாகமுள்ளவன் பழக்கம் ஏற்படுத்திக்கொண்டதில் அதிசயம் என்ன? ஒரு வாரத்துக்கு ஒரு குணம் என்று அவர் அளந்து வைத்துக்கொண்டாரே, அந்த அளவு மட்டும் சோர்ந்தவர்களுக்கும் உதவும்.

அந்த அளவை ஜான்ஸன் தம்முடைய வழியில் கண்டுபிடித்தார். 1765 ஈஸ்டர் குறிப்பில், எட்டு மணிக்கு எழுந்திருக்கப் போவதாக எழுதுகிறார். எட்டு மணி சீக்கிரம் இல்லை என்று அவருக்கே தெரியும். ஆனால் அடிக்கடி பகல் இரண்டு மணிவரை படுத்திருக்கிறவருக்கு எட்டு மணி எவ்வளவோ மேல் என்று காரணமும் எழுதி வைக்கிறார். பத்து வருஷத்துக்கு முன்னால் எட்டு விதி போட்ட மனிதரிடம் இப்படி ஒரு வாக்கியத்தைப் படித்தபோது, அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது எனக்கு.

அதற்காக உடனே திருந்திவிட்டார் என்று எண்ண வேண்டாம். மறு வருஷமே மிகவும் மோசமாக நோயுற்று, திரேல் தம்பதிகள் அவரை ஸ்ட்ரெதமிலிருந்த தங்கள் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போய்ப் பராமரிக்கும்படி ஆயிற்று. பன்னிரண்டு பதினாலு தடவை நாட்குறிப்பு எழுதத் தொடங்கியும் நிலைக்கவில்லை என்று 1773-இல் அவரே பாஸ்வெல்லிடம் சொல்லியிருக்கிறார். அதே பேச்சில் பாஸ்வெல்லுக்கு உபதேசமும் உண்டு: மனசின் நிலையைத்தான் முக்கியமாக எழுத வேண்டும், உடனே எழுத வேண்டும், ஒரு வாரம் கழித்தால் அது அதுவாக இருக்காது. பாஸ்வெல் அந்தப்படி எழுதித்தான் நமக்கு ஜான்ஸனே கிடைத்தார். திரேல் அம்மாளையும் ஒரு சின்னப் புத்தகம் வைத்துக் குறித்துக்கொள்ளச் சொன்னவர் இவர்தான். பிற்பாடு அவள் ஆறு நோட்டுகளை நிரப்பினாள். தானே நீந்தத் தெரியாமல் கரையில் நின்றுகொண்டு இரண்டு பேரை நீந்தக் கற்றுக்கொடுத்த மனிதர்.

ஆனால் அவர் கடிந்துகொண்ட அளவுக்கு அவர் தோற்றவரா? அவர் விட்டுச் சென்ற குறிப்புகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் வேறு மாதிரி தெரிகிறது. புது வருஷப் பிறப்பு, மனைவி இறந்த மார்ச் 28, ஈஸ்டர், பிறந்த நாளான செப்டம்பர் 18. இந்த நாட்களில் முப்பது வருஷத்துக்கு மேல் திரும்பத் திரும்ப உட்கார்ந்து பின்னால் பார்த்திருக்கிறார். வாரக் கணக்கு வருஷத்துக்கு நாலு கணக்காகச் சுருங்கிற்று, அற்றுப்போகவில்லை. அந்த நாட்களை அவர் தேடிப் போக வேண்டியிருக்கவில்லை. அவை தாமாக வாசலுக்கு வந்தன, தபால் வண்டி மாதிரி. 1775 பெரிய வெள்ளிக்கிழமையன்று, வருஷா வருஷம் செய்து முறித்த தீர்மானங்களை எல்லாம் எண்ணிப் பார்த்துவிட்டு, பின் ஏன் மறுபடியும் முயல்கிறேன் என்று தம்மையே கேட்டுக்கொள்கிறார். திருந்துவது அவசியம், நம்பிக்கை இழப்பது குற்றம் என்பது அவர் சொல்லிக்கொண்ட பதில்.

இன்னொன்றும் செய்தார். 1768-இல் கத்தி தீட்டும்போது நகம் சீவிப் போய்விட்டது. நகம் எவ்வளவு வேகமாக வளர்கிறது என்று பார்க்க, அடியிலிருந்து எவ்வளவு, நுனியிலிருந்து எவ்வளவு என்று அளந்து எழுதி வைத்தார். 1783 ஆகஸ்டில் திராட்சைக் கொடியிலிருந்து 41 இலைகளைப் பறித்து நிறுத்து, காய்ந்தால் எடை எவ்வளவு குறைகிறது என்று அறிய, புத்தக அலமாரியின் மேல் பரப்பி வைத்தார். இவற்றில் பாவமும் இல்லை, புண்ணியமும் இல்லை. இன்றைக்கு இவ்வளவு, இன்னொரு நாள் வந்து பார்க்க வேண்டும். உடம்பு ஓய்ந்து கிடக்கிறவர் வாரக் கணக்குத் தொடங்குவதானால் திட்டத்தின் எட்டு விதிகளை மறந்துவிட்டு இந்த இலைக் கணக்கிலிருந்து தொடங்கலாம் என்பது என் அபிப்பிராயம். எத்தனை இரவு தூங்கினேன், யாருக்குக் கடிதம் பாக்கி, எது என்னைச் சிரிக்க வைத்தது. ஒரு துண்டுக் காகிதம், கால் மணி நேரம் போதும். ஒரு வாரம் தவறினால் தவறிய வாரத்தைத் தேடிக்கொண்டு போகாமல் வந்திருக்கிற வாரத்தை எழுதினால் சரி.

இலை பறித்ததற்கு இரண்டு மாதத்துக்கு முன், ஜூன் 17-ந் தேதி விடிவதற்கு முன், அவருக்குப் பக்கவாதம் வந்து பேச்சு நின்றுவிட்டது. புத்தி சரியாக இருக்கிறதா என்று சோதிக்க லத்தீனில் ஒரு பிரார்த்தனைச் செய்யுள் கட்டிப் பார்த்தார். செய்யுள் அவ்வளவு நன்றாக இல்லை. நன்றாக இல்லை என்று தமக்குத் தெரிகிறதே, ஆகையால் புத்தி சரியாகத்தான் இருக்கிறது என்று தீர்மானித்துக்கொண்டார்.

பேச்சு திரும்பிற்று. ஆனால் மூச்சிரைப்பும் நீர்க்கோவையும் வளர்ந்தன. 1784 ஜூலை 6-ந் தேதி, ‘நோயாளியின் நாட்குறிப்பு’ என்று லத்தீனில் பெயரிட்டு ஒரு குறிப்பு தொடங்கினார். தூக்கம் எப்படி, மூச்சு எப்படி, அபின் எவ்வளவு, மருந்து எவ்வளவு என்று சின்னச் சின்ன வரிகள். தீர்மானம் ஒன்றுமில்லை. லண்டனை விட்டுப் பிறந்த ஊருக்கும் நண்பர்கள் வீட்டுக்கும் போய் வந்த மாதங்களிலும் கூடவே எழுதினார். திடமாக இருந்த காலத்தில் பன்னிரண்டு தடவை அறுந்துபோன பழக்கம், படியேற முடியாத காலத்தில் நவம்பர் 8-ந் தேதிவரை நாலு மாதம் நின்றது.

டிசம்பர் 13-ந் தேதி காலமானார். அதற்குச் சில நாள் முன்னால், தம் வாழ்க்கையை விரிவாக எழுதி வைத்திருந்த இரண்டு பெரிய நோட்டுகளை மற்றக் காகிதங்களோடு சேர்த்து நெருப்பில் போட்டுவிட்டார். அவற்றை முன்பே திருட்டுத்தனமாகப் புரட்டிப் பார்த்திருந்த பாஸ்வெல், எடுத்துக்கொண்டு ஓடிவிடலாமா என்றுகூடத் தமக்குத் தோன்றியதாக அவரிடமே ஒப்புக்கொண்டிருக்கிறார். பிரார்த்தனைகளும் தீர்மானங்களும் எழுதிய உதிரித் தாள்கள் மட்டும் ஸ்ட்ராஹன் என்ற பாதிரியாரிடம் போய்ச் சேர்ந்தன. அவர் 1785-இல் அச்சிட்டார். எட்டு மணிக்கு எழுந்திருப்பதாக எழுதிய தாள் அவற்றில் ஒன்று.