அஃறிணையின் விளிமரபு

சென்ற தை மாதம் ஒரு திருமணத்தின் பொருட்டுப் பாகலூர் சென்றிருந்தேன். ஓசூரிலிருந்து மாலூர் செல்லும் சாலையில், கர்நாடக எல்லையை ஒட்டிய ஊர் அது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே கடைவாசலில் புழங்கும். ரோமிங் கட்டணம் இருந்த நாட்களில், அவ்வூரில் நின்றபடியே என் செல்பேசி கர்நாடகத்துக் கோபுரத்தைப் பற்றிக்கொண்டு காசைக் கரைத்ததுண்டு. எந்தக் கோபுரத்தின் குரல் உரக்கக் கேட்கிறதோ அதற்குச் செவிசாய்ப்பது செல்பேசியின் இயல்பு. மாநில எல்லையை அது அறியாது.

பந்தியில் அருகே அமர்ந்தவர் என் பழைய மாணவர். முதற்பகுதித் தமிழை மட்டும் என்னிடம் பயின்றவர். இப்போது ஓசூர்ப் பகுதித் தொழிற்சாலை ஒன்றில் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறார். அங்கே வெப்பமானி, மின்மானி, கேமரா என நூற்றுக்கணக்கான கருவிகள் வலையமைப்பில் இணைந்துள்ளனவாம். தொழிலாளர்களுக்காக அவர் தமிழில் ஒரு குறிப்பேடு எழுதுகிறார். 'டிவைஸ் டிஸ்கவரி' என்பதைக் 'கருவி கண்டுபிடிப்பு' என்று எழுதியிருக்கிறார். படித்தவர்கள், "இந்த மிஷினை நாமளா கண்டுபிடிச்சோம்?" என்று சிரித்தார்களாம்.

"வேறு சொல் தாருங்கள் ஐயா" என்றார். அந்தச் சொல்லைத் தேடப்போய் நான் படித்தறிந்த வரலாறே இக்கட்டுரை.

ஒன்றையொன்று அறியாத இரு கருவிகள் ஒரே வலையமைப்பில் இருக்கின்றன. ஒன்று மற்றொன்றை எவ்வாறு அறியும்? தொடக்கத்தில் இதற்கு விடை பதிவேடு. இன்றைய இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டில் இணைந்த கணினிகளின் பெயர்களெல்லாம் ஒரே கோப்பில் எழுதப்பட்டிருந்தன. ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்தில் எலிசபெத் ஃபைன்லரின் குழு அதனைப் பேணியது. கணினிகள் பெருகியபோது அம்முறை தாங்கவில்லை. 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்த டி.என்.எஸ். அப்பதிவேட்டைப் பலரிடம் பகிர்ந்தளித்தது. தொழிற்சாலைகளிலோ 1979இல் வந்த மோட்பஸ் முறை பரவியது. அதில் கருவிகளுக்கு 1 முதல் 247 வரை எண்கள். தலைமைக் கருவி ஒவ்வோர் எண்ணாகக் கேட்கும், உரியது விடை தரும். வகுப்பில் நாங்கள் வருகைப் பதிவு எடுப்பதை ஒத்தது இது. பட்டியலில் பெயரில்லாத புதுமாணவன் கடைசி இருக்கையில் அமர்ந்திருந்தாலும் ஆசிரியருக்கு அவன் இல்லாதவனே.

பதிவேடு இல்லாத இடத்தில் கூவி அழைப்பதே வழி. 1982 நவம்பரில் டேவிட் பிளம்மர் எழுதிய ஏ.ஆர்.பி. என்னும் நெறிமுறை அதைத்தான் செய்தது. "இம்முகவரிக்கு உரியவர் யார்?" என்று ஒரு கருவி எல்லோர் செவியிலும் விழக் கேட்கும், உரியது மட்டும் விடை சொல்லும். கருவி கண்டுபிடிக்கப்படுவதில்லை, விளிக்கப்படுகிறது, விடை தருகிறது. இவ்விடத்தில் எனக்குத் தொல்காப்பியம் நினைவுக்கு வந்தது. சொல்லதிகாரத்தின் நான்காம் இயல் விளிமரபு. எப்பெயர் விளியேற்கும், எப்பெயர் ஏற்காது என்பதை அவ்வியல் வகுத்துரைக்கிறது. காலம் வாய்ப்பின் அஃறிணைப் பெயர்களும் விளியேற்கும் என்கிறது. தொழிலாற் பெற்ற பெயர்களுக்கும் அங்கே விளியுண்டு.

இக்கடைசி விதியை ஒத்த ஒன்று கருவிகளின் வரலாற்றிலும் நிகழ்ந்தது. ஏ.ஆர்.பி.யில் முகவரி தெரிந்தால்தான் அழைக்கலாம். ஸ்டூவர்ட் செஷயரும் பிறரும் உருவாக்கி, 2002இல் ஆப்பிள் நிறுவனம் 'ராந்தேவூ' என வெளியிட்டு, 2005இல் 'போன்ஷூர்' எனப் பெயர்மாற்றிய முறையில் பெயரோ முகவரியோ தெரிய வேண்டுவதில்லை. "அச்சிட வல்லீர் எவர்?" என்று 224.0.0.251 என்னும் பொது முகவரிக்கு ஒரு குரல் போகும். அங்குள்ள அச்சுப்பொறிகள் எல்லாம் தம் பெயரைச் சொல்லும். 1999இல் தொடங்கிய யூ.பி.என்.பி. அமைப்பும் வீட்டுக் கருவிகளுக்கு இவ்வகை வழியொன்றை வகுத்தது. வாங்கிவந்து மின்னிணைப்புத் தந்தால் போதும், தொலைக்காட்சியும் கணினியும் தாமே அறிமுகமாகிக்கொள்ளும்.

சிறு கருவிகளுக்கு இதிலும் ஒரு துன்பம் இருந்தது. பாகலூர்ப் பக்கத்து ரோஜாப் பசுமைக்குடிலில் மண்ணின் ஈரத்தை அளக்கும் உணரி ஒன்றை வைப்பதாகக் கொள்வோம். சிறு மின்கலம் பல மாதங்கள் தாங்கவேண்டும். ஆகவே அது பெரும்பொழுதும் உறங்குகிறது. உறங்குபவனைக் கூவினால் விடை வராது. கூவும்போதெல்லாம் விழிக்கச் செய்தால் மின்கலம் தீரும். எனவே 2012இல், ஒவ்வொரு கருவியும் தன்னிடமுள்ளவற்றின் பட்டியலை எல்லோரும் அறிந்த ஓரிடத்தில் வைக்கவேண்டும் என்ற வரையறை வந்தது. 2022இல் நெறிப்படுத்தப்பட்ட வளப்பதிவகம் இன்னும் ஒரு படி சென்றது. கருவி உறங்குமுன் தன் விவரத்தை அங்கே பதிந்துவிட்டுப் போகலாம். தனியே காலம் குறிக்காவிட்டால் அப்பதிவின் ஆயுள் 90,000 நொடி, அதாவது 25 மணிநேரம். புதுப்பிக்காவிட்டால் பெயர் நீங்கும். வரலாறு மீண்டும் பதிவேட்டிற்கே வந்தது. ஆனால் இம்முறை மாணவர்கள் தாமே வந்து பெயர் எழுதிக்கொள்கிறார்கள்.

இத்துடன் கதை முடிந்திருந்தால் நன்று. அண்மையில் உள்ளவரை விளிக்கும்போது பெயர் இயல்பாக நிற்கும், சேய்மையில் உள்ளவரை விளிக்கும்போது ஓசை நீளும் என்று விளிமரபு வேறுபடுத்துகிறது. கருவிகளின் விளிகள் பெரும்பாலும் அண்மை விளிகளாகவே எண்ணி அமைக்கப்பட்டவை. அழைப்பவர் நம் வீட்டார் என்ற நம்பிக்கை அவற்றின் அடித்தளம். ஆனால் 2013 ஜனவரியில் ராபிட்7 நிறுவனம் வெளியிட்ட ஆய்வு வேறு செய்தி சொன்னது. யூ.பி.என்.பி. விளியை இணையத்தின் வெளியிலிருந்து விடுத்துப் பார்த்ததில் 8 கோடிக்கும் மேற்பட்ட முகவரிகள் விடையளித்தன. வீட்டுக்குள் மட்டும் பேசவேண்டியவை தெருவில் போவோருக்கெல்லாம் குரல் கொடுத்துக்கொண்டிருந்தன.

கூவுவதும் எளிதாயிற்று. இணையத்தில் திறந்து கிடக்கும் கருவிகளைப் பட்டியலிடும் ஷோடான் என்னும் தேடுபொறியை ஜான் மேதர்லி 2009இல் தொடங்கினார். 2013இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய இசட்மேப், உலகின் பழைய வகை இணைய முகவரிகள் அனைத்தையும் ஒரே கணினியிலிருந்து 45 நிமிடங்களுக்குள் தட்டிப்பார்க்க வல்லது. 2016இல் மிராய் என்னும் தீநிரல் இணைய முகவரிகளைக் கண்மூடித்தனமாகத் தட்டியது. திறந்த கருவிகளில் ஆலையிலேயே இடப்பட்ட அறுபதுக்கு மேற்பட்ட கடவுச்சொற்களை முயன்றது. இலட்சக்கணக்கான கேமராக்களும் திசைவிகளும் அதன் படையாயின. அக்டோபர் 21 அன்று டின் என்னும் நிறுவனத்தின்மீது அப்படை ஏவப்பட்டபோது ட்விட்டர் உள்ளிட்ட தளங்கள் பலருக்கு எட்டாமற்போயின. அங்கே பூட்டை உடைத்து நுழைந்தவர் எவருமில்லை. விளித்தார்கள், கருவிகள் விடையளித்தன.

புதுவகை முகவரிகளில் ஒரு சிறு வலையமைப்பிலேயே 2இன் 64ஆம் அடுக்கு எண்கள் உண்டு. நொடிக்குப் பத்து இலட்சம் வீதம் தட்டினாலும் 5 இலட்சம் ஆண்டுகளுக்கு மேலாகும் என்பர் சிலர். கணக்கு சரியே. ஆனால் தன் பெயரைத் தானே உரக்கச் சொல்லும் பொருளை வெளியின் பரப்பு காக்காது. நம் நாட்டில் தொலைத்தொடர்புப் பொறியியல் மையம் 2021இல் வெளியிட்ட நடைமுறைக் கோவையும் எல்லாக் கருவிக்கும் பொதுவான கடவுச்சொல் கூடாது என்பதையே முதல் நெறியாக வைக்கிறது.

மாணவருக்கு 'விளித்தறிதல்' என்ற சொல்லைத் தந்தேன். சற்று நேரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துவிட்டு, "யார் விளித்தாலும் விடை சொல்லிடலாமா, ஐயா?" என்று கேட்டார். பாடம் நடத்தியவன் பாடம் கேட்ட தருணம் அது. இயந்திரங்களுக்கும் அலுவலகக் கணினிகளுக்கும் வலையமைப்பைத் தனித்தனியே பிரித்திருப்பதாக அவர் சொன்னார். ஊர் திரும்பியதும் என் வீட்டுத் திசைவியில் யூ.பி.என்.பி.யை நிறுத்தினேன்; வாசற்கேமராவில் வாங்கிய நாள்முதல் மாறாதிருந்த கடவுச்சொல்லையும் மாற்றினேன். எல்லையை அலைகள் அறியா. அதை வரைந்து வைக்கவேண்டியவர்கள் நாமே.

சில வாரங்கள் கழித்துக் குறிப்பேட்டின் ஒரு பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினார். 'விளித்தறிதல்' என்ற தலைப்பின் கீழ் அவரே ஒரு வரி சேர்த்திருந்தார்: "விளித்தவர் யாரெனக் கேட்ட பின்னரே விடையளிக்கச் செய்க." தொழிலாளர்கள் இம்முறை சிரிக்கவில்லையாம். அச்சொல்லினும் பொருத்தமான சொல் வாசகர் எவருக்கேனும் தோன்றின், அவரிடம் சேர்ப்பிக்கக் காத்திருக்கிறேன்.