ஐயமும் தெளிவும்

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்துச் சிவகிரியில், உறவினர் வீட்டுத் திண்ணையில் ஒரு நாள் மாலை அமர்ந்திருந்தேன். எனக்கு மதினி முறையாகும் அம்மையார் ஒருவர் ஒரு பெரிய உறையைக் கொணர்ந்து கொடுத்தார். உள்ளே அவருடைய மார்பகத்தின் எக்ஸ்-கதிர்ப் படமும், ‘முடிவு தெளிவாக இல்லை, மேலும் ஆராய வேண்டும்’ என்னும் குறிப்பும் இருந்தன. மூன்று மாதமாக அந்த உறை டிரங்குப் பெட்டியில் கிடந்ததாம். அவர் நெற்றியில் சங்கரன்கோவில் புற்றுமண் துலங்கியது. “நோய் உண்டா, இல்லையா? ஒரே சொல்லில் சொல்லுங்கள், தம்பி” என்றார்.

நான் மருத்துவன் அல்லேன். மருத்துவ வரலாற்றைக் கற்பவன். அம்மையார் கேட்ட கேள்வியின் வயது நூறாண்டுக்கு மேல் என்பதை மட்டும் அறிவேன்.

1895இல் ராண்ட்ஜன் எக்ஸ்-கதிரைக் கண்டறிந்தார். 1913இல் பெர்லின் நகரத்து அறுவை மருத்துவர் ஆல்பர்ட் சாலமன், அறுத்தெடுக்கப்பட்ட ஏறத்தாழ 3,000 மார்பகங்களை அக்கதிரால் படமெடுத்து, புற்றுநோயின் நிழல் எத்தகையது என்று ஆராய்ந்தார். 1949இல் உருகுவே நாட்டு ரவுல் லெபோர்ன், மார்பகத்தை அழுத்திப் படமெடுத்தால் நுண்ணிய சுண்ணத் துகள்களும் புலப்படும் என்று காட்டினார். இன்றைய மேமோகிராம் அவ்வழி வந்ததே. ஆயினும் அதற்கு ஒரு குறை உண்டு. கட்டி படத்தில் வெண்மையாகத் தோன்றும். இளம் பெண்டிரின் அடர்ந்த சுரப்பித் திசுவும் வெண்மையாகவே தோன்றும். பனிக்குள் நிற்கும் கொக்கை யார் பிரித்தறிவார்?

இக்குறையை நீக்க ஒலி துணைக்கு வந்தது. 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஜான் வைல்டு என்னும் மருத்துவரும் ஜான் ரீட் என்னும் பொறியாளரும் மார்பகத்துள் ஒலியலைகளைச் செலுத்தி எதிரொலியைப் படமாக்கினர். கட்டிக்குள் இருப்பது நீரா, திண்மையா என்பதை இம்முறை எளிதில் உரைத்துவிடும்.

அக்காலத்தில் நம் நாட்டிலும் ஒரு விளக்கு ஏற்றப்பட்டது. 1923இல் தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, அத்துயரை உறுதியாக மாற்றி, 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். 12 படுக்கைகளே அதன் தொடக்கம். நோயைக் காலத்தே கண்டால் உயிரைக் காக்கலாம் என்னும் செய்தி அங்கிருந்து தமிழகமெங்கும் பரவிற்று.

மூன்றாவது சாட்சியாக வந்தது காந்தம். 1973இல் பால் லாட்டர்பர், காந்தப் புலத்தில் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் தரும் குறிப்புகளைக் கொண்டு படம் அமைக்கலாம் என்று காட்டினார். அதன் பொருட்டு 2003இல் பீட்டர் மேன்ஸ்ஃபீல்டுடன் நோபல் பரிசு பெற்றார். இதுவே எம்.ஆர்.ஐ. இதில் எக்ஸ்-கதிர் இல்லை. 1986இல் ஜெர்மனியில் சில்வியா ஹேவாங் முதலானோர், காடோலினியம் கலந்த மருந்தை நரம்பில் ஏற்றி மார்பகத்தைப் படமெடுத்தனர். புற்றுக்கட்டி தனக்கென்று புதிய இரத்தக் குழாய்களை வளர்த்துக்கொள்கிறது, அக்குழாய்கள் கசிபவை. ஆகவே மருந்து அங்கே விரைந்து புகுந்து ஒளிர்கிறது. பல வேளைகளில் விரைந்தே வடிந்தும் விடுகிறது. முன்னைய கருவிகள் உருவத்தைக் கண்டன. இதுவோ உருவத்தோடு குருதியின் ஓட்டத்தையும் காண்கிறது.

ஆனால் இக்கருவியையும் தெய்வமாக்கிவிடலாகாது. தீங்கற்ற கட்டியும் சில வேளை ஒளிரும். சுண்ணத் துகள்களை இது காட்டாது. ஐயத்துக்குரிய துகள்கள் மேமோகிராமில் தென்பட்டால், எம்.ஆர்.ஐ. தெளிவாக இருப்பினும் ஊசியால் திசு எடுத்து ஆராய்வதே முறை. வேறு கோணப் படங்களும் ஒலிப்படமும் தீர்க்காத ஐயத்துக்கும், பழைய அறுவைத் தழும்போ மீண்டும் வந்த நோயோ என்னும் மயக்கத்துக்குமே இதன் துணை சிறப்பாக வேண்டப்படுகிறது. இறுதித் தீர்ப்பு நுண்ணோக்கியின் கீழ் வைத்த திசுவினுடையது.

அம்மையாருக்கு நான் இன்னொன்றும் கூறினேன். 1993இல் அமெரிக்கக் கதிரியல் கல்லூரி வகுத்த அறிக்கை முறையில், தெளிவற்ற படத்துக்கு இட்ட எண் சுழியம். அது நோய் என்னும் தீர்ப்பன்று. நலம் என்னும் சான்றிதழும் அன்று. ஆய்வு முடியவில்லை என்பதே அதன் பொருள். முடியாத ஆய்வைப் பெட்டியில் பூட்டி வைத்தால், உள்ளே நோய் இருக்குமாயின் அது நமக்காகக் காத்திராது.

“அப்படியானால் பயப்பட வேண்டாமா?” என்றார்.

“பயம் வேண்டாம், மதினி, தாமதமும் வேண்டாம்” என்றேன்.

மறுவாரம் அவர் மருத்துவரிடம் சென்றார். வேறு கோணப் படமும் ஒலிப்படமும் எடுத்தார்கள். ஐயம் தீராமையால் எம்.ஆர்.ஐ.யும் எடுத்தார்கள். அவருக்குக் கிடைத்த விடை அவருக்கே உரியது. அதனை இங்கே கூறேன். விடை கிடைத்தது என்பதை மட்டும் கூறுவேன். கோமதியம்மன் சன்னிதிப் புற்றுமண்ணை நம் பெண்டிர் நெற்றியில் அணிந்துகொள்ளட்டும். மருத்துவர் தந்த உறையை மட்டும் பெட்டியில் பூட்டி வைக்க வேண்டாம்.