கனடா செல்லும் பொறியாளர்கள் கவனத்திற்கு

வளைகுடாவில் சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டுக் கனடாவில் குடியேறும் பொறியாளர்கள் நம் சமுதாயத்தில் இருக்கிறார்கள். குடியேற்ற விண்ணப்பத்துக்காகப் பட்டத்தை மதிப்பிட்டுத் தரும் சான்றிதழ் கைக்கு வந்ததுமே, அங்கே பொறியாளராக ஏற்றுக்கொண்டுவிட்டார்கள் என்று வீட்டில் மகிழ்ந்துவிடுகிறோம். அது குடியேற்றத்துக்கு மட்டும்தான். அங்கே சொந்தப் பொறுப்பில் வரைபடத்துக்கு முத்திரை வைக்க, மாகாண அமைப்பு தரும் 'பி.எங்.' உரிமம் வேண்டும். நிலவியலாளர்களுக்கு 'பி.ஜியோ.' உரிமம்.

1907இல் கியூபெக் பாலம் கட்டும்போதே சரிந்து 75 தொழிலாளர்கள் இறந்த நாடு அது. அவர்களின் கெடுபிடியில் நியாயம் உண்டு.

இந்தியாவும் இலங்கையும் 2014இல் வாஷிங்டன் உடன்படிக்கையில் முழு உறுப்பினர்களாயின. அதனால் எல்லாப் பட்டமும் செல்லும் என்று பொருளல்ல. படித்த பாடப்பிரிவு அந்த ஆண்டில் உரிய அங்கீகாரம் பெற்றிருந்ததா என்றே பார்ப்பார்கள். இல்லையென்றால் கூடுதல் தேர்வு எழுதச் சொல்லலாம். நிலவியலாளர்களுக்கு இந்த உடன்படிக்கை பொருந்தாது.

பலர் தடுமாறுவது அனுபவத்தில்தான். ஒன்டாரியோ மாகாணம் 48 மாத அனுபவம் கேட்கிறது. அதில் 12 மாதம் கனடாவில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை 2023இல் நீக்கிவிட்டார்கள். ரியாத்தில் உழைத்த காலமும் கணக்கில் வரும், நிரூபிக்க முடிந்தால். சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் மட்டும் உள்ள கம்பெனிக் கடிதம் போதாது. எந்த வேலையில் என்ன சிக்கல் வந்தது, நாம் என்ன முடிவெடுத்தோம் என்று 34 திறன்களுக்கும் எழுத வேண்டும். அதை நேரில் அறிந்த மேலதிகாரிகள் உறுதிப்படுத்த வேண்டும். கம்பெனி மூடிவிட்டால் அவர்களை எங்கே தேடுவது? வேலையில் இருக்கும்போதே அவர்களின் சொந்த மின்னஞ்சலை வாங்கி வையுங்கள். தெரிந்தவர் என்பதற்காகப் பார்க்காத வேலைக்குக் கையெழுத்து கேட்பதும் போடுவதும் பொய்ச் சாட்சி. நபி (ஸல்) அவர்கள் பெரும்பாவங்களில் ஒன்றாக எச்சரித்தது அது.

சட்டமும் தொழில் நெறியும் பற்றிய தேர்வு ஒன்றும் உண்டு. படித்தால் தேறிவிடலாம், இன்ஷா அல்லாஹ்.

ஒன்டாரியோ உரிமத்துக்குக் குடியுரிமையோ நிரந்தரக் குடியிருப்போ கேட்பதில்லை. ஊரில் இருந்தபடியே விண்ணப்பிக்கலாம். மதிப்பெண் பட்டியலுக்கும் பாடத்திட்ட நகலுக்கும் பல்கலைக்கழகத்தில் அலையும் வேலையைத் தம்பியோ மச்சானோ இப்போதே தொடங்கிவிடலாம்.