மர முத்திரைக்குள் ஒளிந்திருந்த காது

ஒட்டுக்கேட்கும் கருவியைக் கண்டுபிடிக்க, கையடக்கக் கருவிகள் இப்போது கடைகளிலேயே கிடைக்கின்றன. அறைக்குள் எங்கிருந்தாவது ரேடியோ அலை கிளம்பினால் விளக்கு எரியும். அலையே கிளம்பாவிட்டால்?

1945 ஆகஸ்டில் மாஸ்கோவில் சோவியத் சிறுவர்கள், மரத்தில் செதுக்கிய அமெரிக்க அரசு முத்திரையைத் தூதர் ஹாரிமனுக்குப் பரிசளித்தார்கள். அது தூதரின் இல்லத்துச் சுவரில் ஏறியது. உள்ளே லியோன் தெரமின் உருவாக்கிய ஒலிவாங்கி! பேட்டரியும் கிடையாது, ஒயரும் கிடையாது. வெளியிலிருந்து ரேடியோ அலையைப் பாய்ச்சினால் மட்டும் அறையின் பேச்சை ஏற்றித் திருப்பி அனுப்பும். மற்ற நேரங்களில் அது வெறும் மரம்தான். ஏழு ஆண்டுகள் அங்கேயே தொங்கியது. 1952-ல் தூதர் கென்னன் எதையோ எழுதச் சொல்வது போல உரக்கப் பேசிக்கொண்டிருக்க, நிபுணர்கள் கருவியோடு தேடி அதைப் பிடித்தார்கள். எதிரி கேட்டுக்கொண்டிருந்ததால்தான் மாட்டினான்.

நம் நாட்டிலும் இந்தச் சந்தேகம் எழுந்ததுண்டு. 2010-ல் நிதியமைச்சர் பிரணாப் முகர்ஜி, டெல்லியில் தன் அலுவலகப் பகுதியில் 16 இடங்களில் பசை ஒட்டியிருந்ததாகப் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். ஒலிவாங்கி எதுவும் சிக்கவில்லை. பசை ரேடியோ அலை எதையும் அனுப்பாது. கண்ணால்தான் காண வேண்டும்.

ஆகவே நண்பர்களே, விளக்கு எரியவில்லை என்பதற்காக அறை சுத்தம் என்று நம்பிவிடக் கூடாது. சுவரில் தொங்கும் பரிசுப் பொருளையும் ஒருமுறை கழற்றிப் பார்க்க வேண்டும்.